ஞானசிகாமணி பெயரில் வந்த ரத்தம்

2046 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல்சோலை அரசு மருத்துவமனையின் கூட்ட அறையில் இருந்தவர்கள்: மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகு காட்டி, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி தனஞ்செயன். அவருக்கு வலப்பக்கம் எங்கள் தலைமை மருத்துவர் இஸ்மத் பேகம். மேசைக்கு இந்தக் கோடியில், தனியாகப் போட்ட நாற்காலியில் ஆய்வக டெக்னீஷியன் கோகிலவாணி. விசாரணை அவர் மீதுதான். சுவரோரத்து பெஞ்சில் தேயிலை எஸ்டேட் மூன்றாம் டிவிஷனைச் சேர்ந்த ஞானசிகாமணி, வயது ஐம்பத்தெட்டு. அதே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு, அவர் மனைவி தங்கபுஷ்பம், வயது நாற்பத்தைந்து. கதவுக்குப் பக்கத்தில் சின்ன மேசையில், நடவடிக்கைக் குறிப்பு எழுத நான். அந்த மருத்துவமனையில் நான் க்ளார்க்.

குறிப்பைப் பேனாவால் காகிதத்தில்தான் எழுத வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன் லட்சக்கணக்கான பேரின் ரத்த விவரம் கணினியிலிருந்து கசிந்து ஊர் சிரித்த பிறகு, உடம்பைப் பற்றிய விசாரணை, முறையீடு எதுவும் கம்பி வழியாகப் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. நிறுத்தி வைத்திருந்த பதிவுத் தபாலை மறுபடி கொண்டு வந்தார்கள். என்னைப் போல் எழுத்து சுமாராக வரும் ஆட்களுக்கு வேலையும் வந்தது.

தனஞ்செயன் குற்றச்சாட்டை வாசித்தார். டெக்னீஷியன் கோகிலவாணி ஜனவரி 22ஆம் தேதி, ஞானசிகாமணி பெயரில் வந்த ரத்த மாதிரியில், சட்டம் அனுமதித்த பன்னிரண்டு அடையாளங்களைத் தாண்டி, பூட்டிய பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். பூட்டு திறந்த சேதியை மட்டும் கருவியே தலைநகருக்குச் சொல்லிவிட்டது.

“ஐயா, ஒரு சந்தேகம்,” என்றார் ஞானசிகாமணி. “என் ரத்தத்துக்குள்ள பக்கம் பக்கமா என்ன இருக்கு? நான் என்ன பாடப் புத்தகமா?”

தனஞ்செயன் டாக்டரைப் பார்த்தார். டாக்டரம்மா நோயாளியிடம் பேசும்போது அவசரப்பட மாட்டார். நாற்காலியை பெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“உங்க உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் துண்டுச் சீட்டு எழுதும். ‘இந்த வேலைய நிறுத்து, அந்த வேலையக் குறைச்சுக்கோ’ன்னு. மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பேரு. எழுதின சீட்டுல கொஞ்சம் ரத்தத்துல விழுந்து சுத்திக்கிட்டே இருக்கும். உங்களுக்குக் காமாலை பி வைரஸ் இருக்கு இல்லையா?”

“இருபத்தஞ்சு வருஷமா என்கூடத்தான் இருக்கு. பொண்டாட்டி மாதிரி.”

“மாத்திரையில அடங்கி இருக்கு. ஆனா அது ஈரல்ல குடியிருக்கிற வரைக்கும் என்னைக்காவது புத்துநோய் கிளம்பலாம். கிளம்பினா ஸ்கேன்ல கட்டி தெரியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே ஈரல் எழுதற சீட்டு மாறிடும். எது கூடிச்சு, எது குறைஞ்சுதுன்னு பன்னிரண்டு சீட்டைப் பார்த்தா போதும், நூத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டுடலாம்.”

“என் ஈரல் எனக்கே ஒரு கடுதாசி போட்டதில்ல. கவர்மெண்டுக்குப் போடுதாக்கும்?”

நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். சிரித்தது தனஞ்செயன்தான்.

படிக்கிறவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். எழுபது மார்க்குக்கு மேல் வந்தால் சிவப்பு. சிவப்புக்காரர்களுக்கு வாரம் ஒன்றாக ஆறு ஊசி. தடம் மாறிய செல்லுக்குத் திருத்திய சீட்டை எழுதிக் கொடுக்கும் ஊசி என்று வைத்துக்கொள்ளலாம். கட்டி உருவான பிறகு அந்த ஊசி வேலை செய்யாது. ஊசி கொஞ்சம்தான் வருகிறது; மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல். அந்தப் பட்டியல் வெள்ளிக்கிழமை முடிகிறது. அதாவது விசாரணை நடந்த நாளிலிருந்து மூன்றாம் நாள்.

ஞானசிகாமணிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஐம்பத்தெட்டு மார்க். இந்தத் தடவை ஒன்பது. பச்சை.

“நல்ல சேதிதானேம்மா?” என்று தனஞ்செயன் கோகிலவாணியிடம் கேட்டார். “ஐம்பத்தெட்டு ஒன்பதாச்சு. அந்த மனுஷன் சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டுமே. நீங்க ஏன் பூட்டைத் திறந்தீங்க?”

கோகிலவாணிக்கு நாற்பத்தைந்து இருக்கும். பேசும்போது கைகளை மடியில் வைத்துக்கொள்வார். எதையும் வரிசையாகச் சொல்வார். பன்னிரண்டு வருஷமாக அவர் எழுதும் பதிவேடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு அடித்தல் இருந்தால் பக்கத்தில் காரணம் இருக்கும்.

“ஈரல் அப்படித் திரும்பி வாலிபம் ஆகாது சார். கூடாம நிக்கும், இவ்வளவு இறங்காது. ரத்தம் வண்டியில குலுங்கி உடைஞ்சிருந்தா மார்க் தப்பா வரும். மொதல்ல அதைப் பார்த்தேன், உடையல. குழாய் மாறிச்சான்னு பார்த்தேன், மாறல. கருவியை இன்னொரு தடவ ஓட்டினேன், ஒன்பதுதான். மறுபடி ரத்தம் எடுக்க அனுமதி கேட்டு மூணு தடவ எழுதினேன். பச்சைக்கு மறு மாதிரி கிடையாதுன்னு மூணு தடவயும் ஒரே பதில். அதுக்கப்புறம்தான் திறந்தேன்.”

“திறந்து என்ன பார்த்தீங்க?”

“ஒண்ணு, அது இவரோட ரத்தம் இல்ல. இல்லன்னா, இவருக்கு ஏற்கெனவே வேற மாதிரி முத்திப்போச்சு. ரெண்டுல எதுவா இருந்தாலும் மறுபடி எடுத்தே ஆகணும்.”

“எதை வெச்சுச் சொல்றீங்க?”

“அதைச் சொல்ல மாட்டேன் சார்.”

நான் எழுதினேன்: காரணம் கூற மறுத்தார்.

தனஞ்செயன் கெட்டவர் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டு ஆளிடம் பேசுவது போல் பேசினார். “இங்க பாருங்கம்மா. உயிரைக் காப்பாத்தறதுக்காகப் படிச்சேன்னு ஒரு பிரிவு இருக்கு. ஆனா படிச்சது என்னன்னு விசாரணையில வெளிய வைக்கணும். வெச்சா தலைநகர்ல இருக்கிற விசாரணை வாரியம் மன்னிக்கலாம். வைக்கலன்னா நீங்க சும்மா எட்டிப் பார்த்ததாத்தான் ஆகும். லைசென்ஸ் போயிடும். ஆயுசுக்கும் எந்த லேபுலயும் கால் வைக்க முடியாது.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா?”

“மறுபடி ரத்தம் மட்டும் எடுத்துருங்க சார். என்னைப் பத்தி அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.”

“எடுக்க எனக்கு ஒரு காரணம் வேணுமே.” தனஞ்செயன் பெஞ்சைப் பார்த்தார். “ஐயா, நீங்க சொல்லுங்க. எஸ்டேட்டுல நடந்த முகாமுல ரத்தம் குடுத்தது நீங்கதானே?”

“நான்தான்,” என்றார் ஞானசிகாமணி உடனே. “என் ஆஸ்பத்திரி அட்டை, என் ரத்தம்.”

“எந்தக் கையில எடுத்தாங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“இடது… வலது கையில.”

டாக்டர் அவரையே பார்த்தார். “ஞானசிகாமணி, உங்க பெரிய அண்ணன் எதுல போனாரு?”

“ஈரல்ல.”

“எத்தனை வயசு?”

“அறுபது ஆகல.” அவர் குரல் இறங்கியது. ஆனாலும், “என் ரத்தம்தாங்க அது,” என்றார்.

அப்போதுதான் தங்கபுஷ்பம் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, விசாரணை அதிகாரியைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்.

“நான்தாம்மா குடுத்தேன். இந்தக் கையில.”

“ஏட்டி, உக்காரு!”

“நீங்க சும்மா இருங்க. அந்தம்மா வேலை போவுதுங்குறாங்க. உங்களுக்கு, அட்டைய இன்னொருத்தர் கையில குடுத்ததுக்கு அது போயிருமேன்னு பயம்.” மறுபடி டாக்டரிடம்: “பெரட்டுல கங்காணி சொன்னாரும்மா, ரத்த முகாம், வீட்டுக்கு ஒருத்தர் அட்டையோட வாங்கன்னு. அன்னைக்கு இவருக்கு ஃபேக்டரியில இலை வாட்டுற முறை. விட்டுட்டு வந்தா இலை கருகிரும். ‘நீ போயி குடுத்துட்டு வா, வீட்டுக்கு ஒருத்தர்தானே’ன்னாரு. போனேன். அட்டையக் கேட்டாங்க, குடுத்தேன். கையக் கேட்டாங்க, நீட்டுனேன்.”

தனஞ்செயனுக்குப் புரியவில்லை. “ரத்தம் எப்படிம்மா வீட்டுக்கு ஒருத்தர் குடுக்க முடியும்?”

“கம்பளி வீட்டுக்கு ஒருத்தர்தானே சார் வாங்குறோம்? விறகு? மருந்து மாத்திரை? நான் வாங்குனா இவரும் போத்திக்கிடுவாரு. எங்க டிவிஷன்ல பாதிப் பேரு அப்படித்தான் குடுத்தோம். சரோஜினி மாமனாருக்குக் குடுத்தா. சூசையப்பனுக்கு அவரு தம்பி குடுத்தான். வீட்டுல ஒருத்தரு ரத்தம் நல்லா இருந்தா வீடே நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?”

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் தப்பு எதுவும் தெரியாது. பெரட்டு என்கிற காலை ஆள் கூட்டத்தில் நூறு வருஷத்துக்கு மேலாக எல்லாமே வீட்டுக்கு ஒருவர் என்றுதான் அழைக்கப்பட்டது. முகாம் நடத்தியவர்கள் கீழேயிருந்து வந்தவர்கள். பெயர் கேட்கக் கூடாது, முகம் பார்க்கும் கருவி கூடாது, அட்டை மட்டும் போதும் என்று இருந்தது. மனிதரின் ரகசியத்தைக் காக்கச் செய்த ஏற்பாடு, ஞானசிகாமணி யார் என்றே கேட்காமல் போனது.

“சரி, ஆள் மாறினது உண்மைன்னு ஆச்சு,” என்று தனஞ்செயன் கோகிலவாணியிடம் திரும்பினார். “ஆனா அதை நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இவங்க ரத்தம்னு எந்தச் சீட்டு சொல்லிச்சு? அதுதான் எனக்கு வேணும்.”

கோகிலவாணி மடியிலிருந்த கைகளைக் கோத்துக்கொண்டார்.

டாக்டர் இஸ்மத் அப்போது செய்ததை நான் குறிப்பில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன். கோகிலவாணி சொன்ன ‘ஒண்ணு இது, இல்லன்னா அது’ என்பதை அவர் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். தங்கபுஷ்பத்தை முகத்திலிருந்து பாதம் வரை ஒரு தடவை பார்த்தார். கோகிலவாணியைப் பார்த்தார். கோகிலவாணி லேசாகத் தலையை அசைத்தார். ஆமாம் என்றல்ல, வேண்டாம் என்று.

“மிஸ்டர் தனஞ்செயன், இந்தக் கேள்வி இதோட போதும்,” என்றார் டாக்டர். “மறுபடி ரத்தம் எடுக்க உங்களுக்குக் காரணம் கிடைச்சாச்சு. எடுக்கலாமா?”

“எடுங்க. ஆனா இந்தம்மா மேல உள்ளதை நான் மூட முடியாது. காரணம் சொல்லலன்னுதான் அனுப்புவேன்.”

“அனுப்புங்க.”

ஞானசிகாமணியின் இடது கையில், டாக்டரே ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். நேரம் பன்னிரண்டு பத்து. புதன்கிழமை மத்தியானம் மார்க் வந்தது: எழுபத்தேழு. ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பட்டியலில் கடைசிப் பெயராக அவர் பெயரை நானே எழுதினேன்.

டாக்டர் சொன்னது இது. “இன்னும் ஒரு வருஷம் பச்சைன்னு நம்பிக்கிட்டு இருந்திருந்தா நான் அவருக்கு வலிக்கு மருந்து மட்டும்தான் குடுத்திருக்க முடியும்.”

அது மட்டும் இல்லை. மூன்றாம் டிவிஷனில் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை கோகிலவாணி சொல்லிக்கொடுத்தபடி, கங்காணி பெரட்டில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அறுபத்துமூன்று வீட்டில் ஆள் மாறியிருந்தது. அதில் பதினொரு பேர் சிவப்பு. அந்தப் பதினொரு பேருக்கும் கையில் பச்சைச் சீட்டு இருந்தது.

சொல்லிக்கொடுத்துவிட்டு கோகிலவாணி ஆய்வகத்துக்குள் போகவில்லை. போக முடியாது. தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்துவிட்டது.

விசாரணை நடந்த அன்று மத்தியானமே ஒன்று பார்த்தேன். வெள்ளை அங்கிகளைத் துவைத்துக் காயப்போடும் பின் முற்றத்தில் கோகிலவாணியும் தங்கபுஷ்பமும் நின்றிருந்தார்கள். என் ஜன்னலுக்கும் அவர்களுக்கும் தூரம், பேச்சு கேட்கவில்லை. தங்கபுஷ்பம் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். கோகிலவாணி அவர் எதிரே குந்தி உட்கார்ந்து, அவர் முழங்கால் மேல் கை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். கணவனைப் பற்றிய பேச்சாக இருக்கும் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன்.

மார்ச் பதினாறாம் தேதி தங்கபுஷ்பம் என் மேசைக்கு வந்தார். ஞானசிகாமணிக்கு அன்று நாலாவது ஊசி; அவர் வார்டில் இருந்தார்.

“க்ளார்க் சார், ஒரு மனு எழுதணும். வாரியத்துக்கு. அந்தக் கோகிலாம்மாவுக்காக.”

“எழுதலாம். என்ன எழுதணும்?”

அவர் கதவைப் பார்த்தார். நான் எழுந்து சாத்திவிட்டு வந்தேன்.

“அவங்க என்னத்தப் பார்த்தாங்கன்னு எழுதணும்.” கொஞ்ச நேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். “எனக்கு நாளு தள்ளிப் போயிருந்துச்சு சார். வயசு அப்படி, எல்லாம் அடங்கிப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். மகளுக்கே மூணு வயசுல பிள்ளை இருக்கு. அடங்கல. அந்த முகாமுல ரத்தம் குடுக்கும்போதே எனக்கு… ரெண்டு மாசம்.”

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஐம்பத்தெட்டு வயது ஆணின் பெயர் ஒட்டிய குழாயில், கர்ப்பிணியின் நஞ்சுக்கொடி மட்டும் எழுதும் சீட்டுகள். மிக அபூர்வமாக ஈரல் புற்றும் அதே சீட்டுகளை எழுதுவது உண்டாம். டாக்டர் பின்னால் சொன்னார். ‘ஒண்ணு இது, இல்லன்னா அது’ என்று கோகிலவாணி சொன்னது அதைத்தான்.

“டாக்டரம்மா எல்லாம் பார்த்துட்டாங்க. எனக்கு வைரஸ் இல்ல, தடுப்பூசி போட்டவதான். பிள்ளையும் நல்லா இருக்கு,” என்றார். “அன்னைக்கு விசாரணையில அவங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவங்க வேலை நின்னிருக்கும். எனக்கே தெரியாத சங்கதிய அத்தனை பேரு முன்னால சொல்லக் கூடாதுன்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. எழுதுங்க சார்.”

நான் காகிதம் எடுத்தேன். நான் படித்த ஊர்ப் பள்ளியில் மனு எழுத ஒரு முறை உண்டு: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பார்வை என்ற இடத்தில் எந்தச் சட்டம், எந்த எண், எந்தத் தேதி என்று எழுதாமல் நான் அடுத்த வரிக்குப் போவதில்லை. அலமாரியிலிருந்து சட்டத்தின் அச்சுப் பிரதியை இறக்கினேன். பன்னிரண்டுக்கு மேல் படிக்கலாகாது என்ற விதி, எந்த வழக்கின் பேரில் வந்தது என்பதை முன்னுரையில் போட்டிருப்பார்கள். போட்டிருந்தார்கள். மனுதாரர்: கோ.வா., நூற்பாலைத் தொழிலாளி, வயது பத்தொன்பது, பின்னர் ஆய்வக டெக்னீஷியன். சொந்த ஊர் பெயரும் இருந்தது. கோகிலவாணியின் பணிப் பதிவேட்டில் அந்த ஊரை நானே எழுதியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு கோகிலவாணி வந்தார். ஆய்வகச் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டிய நாள் அது. தங்கபுஷ்பத்தைப் பார்த்ததும், “இங்க என்னக்கா பண்றீங்க?” என்றார்.

“உனக்குத்தான் எழுதுறேன். நீ வேண்டாம்னு சொல்லப்புடாது.”

நான் அச்சுப் பிரதியைக் கோகிலவாணி பக்கம் திருப்பி, அந்த வரியில் விரல் வைத்தேன். “இது நீங்களா?”

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வெட்கப்பட்டது போன்ற ஒரு சிரிப்பு.

“அந்த மனுவையும் பேப்பர்லதான் சார் எழுதினேன். ஏழு தடவ.”

“என்னாச்சு?” என்றார் தங்கபுஷ்பம்.

“மில்லுல ரத்தச் சோகை பார்க்கறோம்னு எடுத்தாங்கக்கா. ஒரு வாரம் கழிச்சு கேட்டுல நிக்க வெச்சு, ‘நீ முழுகாம இருக்கே, பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போ’ன்னாரு சூப்பர்வைசர். ஷிஃப்ட் மாறற நேரம், முந்நூறு பேரு நின்னாங்க. அதுவரைக்கும் எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியறதுக்கு முன்னால சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சுது.” சாவியை மேசை மேல் வைத்தார். “அதுக்காகத்தான் அந்தச் சட்டம் வேணும்னு அலைஞ்சேன். இப்ப நானே அதை மீறிட்டேன். சட்டம் தப்புன்னு சொல்ல மாட்டேன் சார். நல்ல சட்டம். எனக்கு ஒரு ஆளு உயிரு முன்னால நின்னுச்சு, மீறினேன். மீறினா என்ன ஆகும்னு என்னைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?”

“இதை மனுவுல சேர்த்தா—” என்று ஆரம்பித்தேன்.

“சேர்க்காதீங்க. அவங்க எழுதணும்னா அவங்களப் பத்தி எழுதட்டும், அது அவங்க உரிமை. என்னைப் பத்தினது என் உரிமை. சட்டம் கொண்டு வந்தவளுக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயம்னு ஆகக் கூடாது.”

கையெழுத்துப் போட்டார். சாவியின் எண்ணைப் பதிவேட்டில் சரிபார்த்தார். “உப்பு குறைச்சுக்கோங்கக்கா, கால் வீங்கியிருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அரசு வேலையில் முப்பத்தொரு வருஷம். நேர்மையானவர்கள் என்று பேர் வாங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தான் எழுதிய விதி தன் மேலேயே விழும்போது, விலகி நிற்காமல் அந்த இடத்திலேயே நின்ற ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

தங்கபுஷ்பம் கதவை மறுபடி சாத்திவிட்டு வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“க்ளார்க் சார், ஒண்ணு கேக்கட்டுமா? என் ரத்தத்தப் படிக்கச் சொல்லி நானே முன்னாலயே சம்மதம் குடுத்திருந்தா, அப்ப அவங்க மேல குத்தம் இல்லல்ல?”

“இல்லை. முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் இருந்தால் குற்றமே கிடையாது.”

“அப்ப அப்படி ஒண்ணு எழுதிருவோம். ஜனவரித் தேதி போட்டு. நான் கையெழுத்துப் போடுறேன்.”

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு காகிதத்தில்கூட நான் தேதியை மாற்றியதில்லை. ஆனால் அன்று பேனா மூடியைத் திறந்தேன். புதிய தாள் எடுத்தேன். ‘2046 ஜனவரி’ என்று எழுதியும்விட்டேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது வேறு.

நான் எழுதுவதை அவர் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருங்க சார்,” என்றார். “இன்னொருத்தரு அட்டையக் கையில வெச்சுக்கிட்டு நான்தான் அதுன்னு நீட்டுனேன். அந்த ஒரு காரியத்துக்கு எம்புட்டுப் பேரு அலைஞ்சுட்டாங்க. இப்ப மறுபடி இல்லாத தேதிய நீட்டணுமா? வேண்டாம், கிழிச்சுருங்க.”

“அப்ப மன்னிப்பு வாரியத்தின் கையில்தான். கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம்.”

“போகட்டும். நடந்தத நடந்தபடி எழுதுங்க.”

கிழித்தேன். அன்றைய தேதி போட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் மொழிக்கு மாற்றாமல் முடிந்தவரை அவர் வார்த்தையையே வைத்தேன். அதன் கடைசிப் பத்தி இது:

“அந்தம்மா என்னைக் கேட்காமல்தான் படித்தார்கள். கேட்க வழியில்லை, குழாயில் என் பெயரே இல்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். படித்ததை முதலில் என்னிடம்தான் சொன்னார்கள், தனியாகச் சொன்னார்கள். வேறு யாருக்கும் சொல்லவில்லை. அதனால் அவர்கள் வேலை போனது. இப்போது நானே சொல்கிறேன், அவர்கள் எனக்காகக் காத்த காரணம் இதுதான். என் வீட்டுக்காரர் நாலாவது ஊசி போட்டுக்கொண்டு வார்டில் இட்லி சாப்பிடுகிறார். எந்தச் சட்டமானாலும் இதையும் ஒரு பக்கம் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.”

இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ‘இட்லி’யை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “ஏன், பொய்யா?” என்றார். இருக்கட்டும் என்று விட்டேன். கையெழுத்துப் போட்டார், எழுத்து பெரிது பெரிதாக, கோட்டுக்கு மேலே ஏறிப் போயிருந்தது.

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். அரக்கை உருக்கி மூன்று இடத்தில் சொட்டினேன். வாரியத்தின் மூன்று உறுப்பினர்கள் தவிர யாரும் உடைக்கக் கூடாத உறை அது. நடுவில் இருந்த அரக்கில் அவர் கட்டைவிரலை அழுத்தச் சொன்னேன். “சுடுது சார்,” என்று சிரித்துக்கொண்டே அழுத்தினார்.

தபால் ஆபீஸ் எதிரேதான். கவுண்டரில் இருந்தவர் உறையை எடை போட்டுவிட்டு, வழக்கம் போல, “உள்ளே என்ன?” என்று கேட்டார்.

“குடும்ப விஷயம்,” என்றார் தங்கபுஷ்பம், நான் வாய் திறப்பதற்குள்.

ரசீதை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, “எப்ப சார் பதில் வரும்?” என்று கேட்டார்.

“நாற்பது நாள் ஆகும்.”

விரலில் ஏதோ கணக்குப் போட்டார். “அதுக்குள்ள எனக்கு வயிறு தெரிஞ்சு டிவிஷனே கேட்டுரும் சார். மொதல்ல அவருக்குச் சொல்லணும். இன்னும் சொல்லல. ஊசி உடம்போட இருக்காரேன்னு…” வெளியே மருத்துவமனைப் பக்கம் பார்த்தார். “இன்னைக்குச் சொல்லிருதேன். வாரியத்துக்காரங்க படிக்கிறதுக்கு முன்னால அவருக்குத் தெரியணும்ல?”

பதிலுக்கு நிற்காமல் வேகமாகச் சாலையைக் கடந்து வார்டை நோக்கிப் போனார். கவுண்டரில் இருந்தவர் உறையின் மேல் தேதி முத்திரையைக் குத்தி, கித்தான் பைக்குள் போட்டு வாயைக் கட்டினார். மூன்றே காலுக்குப் பொள்ளாச்சி பஸ் அதை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியது.